பாதி ரொட்டிப் பிரதமர்

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

2025 அக்டோபர் 15ஆம் தேதி காலை, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள கூத்தாட்டுக்குளத்தில், ஆயுர்வேத சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஒரு பெரியவர் நடைப்பயிற்சியின்போது மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. வயது 80. மறுநாள் அவருடைய உடல் நைரோபியில் இறங்கியபோது, கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. விமானப் போக்குவரத்தைச் சற்று நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. உடலை வைத்திருந்த விளையாட்டு அரங்கில் நெரிசல் கட்டுக்கடங்காமல் போய், காவல் படையினர் சுட்டதில் உயிர்களும் போயின.

அந்தப் பெரியவர் ரைலா ஒடிங்கா, கென்யாவின் முன்னாள் பிரதமர். கென்யர்கள் அவரை 'பாபா' என்றார்கள். சுவாஹிலியில் தந்தை என்று பொருள். இந்தத் தந்தை அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்றவர், ஐந்து முறையும் தோற்றவர். அவருக்குக் கிடைத்த உச்சப் பதவியோ பிரதமர் பதவிதான். அந்தப் பதவியிலும் அவருக்கு முன் ஒரே ஒருவர்தான், பின்னே ஆளில்லை. இன்றைக்கு என் பேச்சு அந்த நாற்காலியைப் பற்றியது.

கதை அப்பாவிடம் தொடங்குகிறது. ஜரமோகி ஒகிங்கா ஒடிங்கா லுவோ இனத்தவர். வெள்ளையர் ஆட்சி ஜோமோ கென்யாட்டாவைச் சிறையில் வைத்திருந்த காலத்தில், 1958இல், சட்டமன்றத்தில் எழுந்து நின்று 'அவர்தான் எங்கள் தலைவர்' என்று சொன்னவர். அந்தப் பெயரை உச்சரிக்கவே பலர் அஞ்சிய நேரம் அது. கென்யாட்டா வெளியே வந்தார், பிரதமரானார், 1964இல் நாடு குடியரசானதும் அதிபரானார். பிரதமர் பதவி அத்தோடு ஒழிந்தது. ஒடிங்கா துணை அதிபர். இரண்டே ஆண்டில் நிலச் சீர்திருத்தத்திலும் வெளியுறவிலும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. ஒடிங்கா விலகித் தனிக் கட்சி கண்டார். 1969இல் கட்சிக்குத் தடை, அவருக்குக் காவல். யாருக்காகக் குரல் கொடுத்தாரோ அவரே பூட்டினார். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ரைலா.

பிள்ளை படித்தது கிழக்கு ஜெர்மனியில், இயந்திரப் பொறியியல். ஊர் திரும்பி நைரோபி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், எரிவாயு சிலிண்டர் செய்யும் தொழில் தொடங்கினார், தர நிர்ணய அலுவலகத்தில் துணை இயக்குநர் வரை உயர்ந்தார். மூத்த மகனுக்கு ஃபிடல் காஸ்ட்ரோ என்று பெயர் வைத்தார். பெயரிலேயே அரசியல் இருக்கிறதல்லவா! 1982 ஆகஸ்டில் விமானப்படையினர் சிலர் அதிபர் மோய்க்கு எதிராகக் கிளர்ந்து தோற்றார்கள். ரைலாவைத் தேசத்துரோக வழக்கில் பிடித்தார்கள். பின்னர் வழக்கைக் கைவிட்டு, விசாரணையே இல்லாமல் ஆறு ஆண்டுகள் உள்ளே வைத்தார்கள். 1984இல் அவருடைய தாய் இறந்தார். அந்தச் செய்தியைச் சிறையதிகாரிகள் அவரிடம் சொன்னது இரண்டு மாதம் கழித்து. வெளியே விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள், மறுபடியும் பிடித்தார்கள். 1991இல் நார்வேக்குத் தப்பிப் போனார்.

1992இல் திரும்பி வந்து நைரோபியின் லங்காட்டா தொகுதியில் வென்றார். கிபெரா குடிசைப் பகுதி அங்கேதான் இருந்தது. மேடையில் அவர் கால்பந்து வர்ணனை செய்வார்: பந்து இவரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து இவருக்கு, கோல்! கூட்டம் துள்ளும். 2002 அதிபர் தேர்தலில் தானே நிற்காமல், மற்றோர் எதிர்க்கட்சித் தலைவரான ம்வாய் கிபாகியைக் காட்டி, 'கிபாகி தோஷா', அதாவது கிபாகி போதும், என்று ஒரு மேடையில் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எதிர்க்கட்சிகள் ஒன்று சேர, மோயின் கட்சி நாற்பதாண்டு ஆட்சியை இழந்தது. பதிலுக்குக் கிபாகி தருவதாகச் சொன்ன பங்கு வரவில்லை. அப்பாவின் கதைதான், ஆள் மட்டும் வேறு.

2005இல் கிபாகி கொண்டுவந்த அரசியல் சட்ட வரைவுக்குப் பொதுவாக்கெடுப்பு. 'ஆம்' என்பதற்கு வாழைப்பழம், 'இல்லை' என்பதற்கு ஆரஞ்சு. ஆரஞ்சு வென்றது, ரைலா அந்தப் பழத்தின் பெயரிலேயே கட்சி நடத்தினார். 2007 டிசம்பர் தேர்தலில் எண்ணிக்கை போகிறபோக்கில் ரைலா முன்னே இருந்தார். பின்னர் கணக்கு மாறியது. கிபாகி வென்றதாக 30ஆம் தேதி அறிவித்து, அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவியேற்பும் நடத்திவிட்டார்கள். நாடு எரிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனை அவன் பேசும் மொழி பார்த்து வெட்டினார்கள். இரு தரப்பின் கையிலும் இரத்தம் இருந்தது. ரைலாவின் அன்பர்கள் இதை மெல்லக் கடந்துபோவார்கள், நான் போகமாட்டேன்.

ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து நாற்பது நாளுக்கு மேல் பேசினார். 2008 பிப்ரவரி 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 44 ஆண்டுகளுக்கு முன் ஒழித்த பிரதமர் பதவியை ரைலாவுக்காக மீண்டும் உண்டாக்கினார்கள். ஏப்ரலில் பதவியேற்பு. இரண்டு பக்கமும் திருப்திப்பட வேண்டுமே, அமைச்சர்கள் மட்டும் நாற்பது பேர்! மக்கள் இதற்கு 'நுசு ம்காட்டே' அரசு என்று பெயர் வைத்தார்கள். பாதி ரொட்டி. பிரதமரின் வேலை 'ஒருங்கிணைப்பும் மேற்பார்வையும்' என்று சட்டத்தில் எழுதியிருந்தது. படையும் நிதியும் யாரிடம் இருந்தன என்று கேட்டால் அதிலிருந்து அந்தப் பதவியின் எடை தெரிந்துவிடும்.

அந்தப் பாதி ரொட்டியை வைத்து அவர் செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். மாவு என்றொரு காடு. கென்யாவின் பல ஆறுகளுக்குத் தாய்மடி. அதை ஆக்கிரமித்திருந்தவர்களை வெளியேற்ற ரைலா முன்னின்றார். அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் அவருக்கே ஓட்டுப் போட்ட ரிஃப்ட் பள்ளத்தாக்குக்காரர்கள். அவருடைய கட்சியிலேயே இருந்த, அந்தப் பகுதித் தலைவர் வில்லியம் ரூட்டோ அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பிரிந்துபோனார். ஓட்டுக் கணக்குப் போடும் எவரும் அந்தக் காட்டுப் பக்கமே போயிருக்கமாட்டார்கள்.

மற்றொன்று புதிய அரசியல் சட்டம். முதல் வரைவுகளில் பலமான பிரதமர் பதவி இருந்தது, அவருடைய கட்சி கேட்டதும் அதைத்தான். 2010 ஜனவரியில் நைவாஷாவில் கூடிய நாடாளுமன்றக் குழு அதை எடுத்துவிட்டு முழு அதிபர் ஆட்சி முறைக்கு மாறியது. ரைலா ஒத்துக்கொண்டார். தன் நாற்காலியை அடுத்த தேர்தலோடு உடைத்துப்போடும் சட்டத்துக்கு 'ஆம்' என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் அது நிறைவேறியது. 47 மாவட்ட அரசுகள், உரிமைகளின் நீண்ட பட்டியல், புதிய உச்ச நீதிமன்றம். தனக்கு அதிபர் பதவி வரும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்திருக்கலாம். அதனால் காரியத்தின் மதிப்புக் குறையாது.

2013இல் தோற்று அந்த உச்ச நீதிமன்றத்துக்கே போனார், அங்கும் தோற்றார், தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். 2017இல் மறுபடி போனார். செப்டம்பர் 1ஆம் தேதி, தலைமை நீதிபதி டேவிட் மராகாவின் அமர்வு, பதவியில் இருந்த அதிபர், ஜோமோவின் மகன் உஹுரு கென்யாட்டாவின் வெற்றியைச் செல்லாது என்றது. ஆப்பிரிக்காவில் அதற்குமுன் எந்த நீதிமன்றமும் அப்படிச் செய்ததில்லை. மறுதேர்தலில் ரைலா நிற்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஒப்பாதது. 2018 ஜனவரியில் பெருங்கூட்டத்தின் முன் தன்னைத்தானே 'மக்கள் அதிபர்' என்று பிரமாணம் எடுத்துக்கொண்டவர், மார்ச்சில் அதே உஹுருவோடு கைகுலுக்கினார். 2022இல் உஹுருவின் ஆதரவோடு நின்றும் ரூட்டோவிடம் நூலிழையில் தோற்றார். 2024இல் வரிச் சட்டத்தை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கிச் சுடப்பட்டபின், அவர் கட்சிக்காரர்களே ரூட்டோவின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார்கள். 'நாட்டைக் காத்தார்' என்பார் சிலர், 'எங்களை விற்றார்' என்பார் சிலர். மூத்தவர்கள் பாபா என்று அழுத அதே வாரத்தில், இருபது வயதுக்காரர்கள் பலர் இந்தக் கணக்கையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இறந்தால் 72 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. தேசத்துரோகி என்று பிடித்த அதே அரசு முழு ராணுவ மரியாதை கொடுத்தது. அக்டோபர் 19ஆம் தேதி போண்டோவில், அப்பாவின் வளாகத்தில், அப்பாவின் கல்லறைக்கு அருகிலேயே அவரைப் புதைத்தார்கள்.