864-இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று! 48 வருடம் காட்டுக்குள் கிடந்த வேவு விமானம்

[திரையில்: பனி படிந்த பைன் காடு. கேமரா மேலிருந்து மெல்ல இறங்குகிறது.]

மொத்தம் 864 விமானங்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிச்சமிருந்ததெல்லாம் பழைய இரும்புக் கணக்கில் போய்விட்டது. எந்த அருங்காட்சியகத்திலும் முழுசாக ஒன்று கிடையாது. அப்புறம் 1991-இல், ரஷ்யக் காட்டுக்குள் ஒன்று அகப்பட்டது. விழுந்த இடத்திலேயே 48 வருடம் கிடந்திருக்கிறது. அதைவிட ஆச்சரியம், அதை ஓட்டிப்போய் விழுந்த விமானி அப்போதும் உயிரோடு இருந்தார்.

அந்தக் கதைக்கு வருகிறேன். ஆனால் வீடியோவை நேராக அங்கே தள்ளிவிடாதீர்கள். நடுவில் ஒரு கோணல் விமானம் வருகிறது. அதைப் பார்க்காமல் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வணக்கம் நண்பர்களே. இன்றைய நாயகன் ஃபோக்கெ-வுல்ஃப் 189. இரண்டு எஞ்சின் கொண்ட, இலகுவான ஜெர்மன் வேவு விமானம். வைத்த பெயர் ஊஹு, அதாவது கோட்டான். குண்டு போடுவதோ சண்டை பிடிப்பதோ இதன் முக்கிய வேலை கிடையாது. எதிரியின் தலைக்கு மேல் வட்டமடித்துப் பார்க்கணும், படம் எடுக்கணும், "பீரங்கி அங்கே இருக்கு" என்று ரேடியோவில் சொல்லணும். இன்றைக்கு ட்ரோன் செய்கிற வேலை.

[திரையில்: விமானத்தின் முன்பக்கத் தோற்றம்]

இதன் உடம்பைப் பாருங்கள். வழக்கமான விமானத்துக்கு நடுவில் நீளமான ஒரு உடல் இருக்கும். இதற்கு அது இல்லை. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினுக்குப் பின்னாலும் மெலிந்த நீண்ட தண்டு, இரண்டு தண்டையும் கடைசியில் இணைக்கும் ஒரு வால் இறக்கை. நடுவில் கண்ணாடிக் கூண்டு. மூன்று பேர் அதற்குள் உட்கார வேண்டும். முன்னால் விமானியும் பார்வையாளரும், பின்பக்கக் கூம்பில் துப்பாக்கிக்காரர். விமானி தன் பூட்ஸுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தரை தெரியும், அந்த அளவுக்குக் கண்ணாடி.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை தட்டையான சிறு சிறு பலகைகள். சும்மா அழகுக்கு அப்படிச் செய்யவில்லை. வளைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் தரையில் இருப்பது நெளியும், இழுபடும். வேவு பார்க்கிறவனுக்கு அது சரிப்படாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் ப்ரொப்பல்லர் மூக்கு. அந்த மூக்கின் மேல் குட்டியாக இன்னொரு காற்றாடி மாதிரி தகடுகள் இருக்கும். பறக்கிற வேகத்துக்கு ஏற்ப எதிர்க்காற்று அந்தத் தகடுகளைத் திருப்பும், அதை வைத்தே பெரிய ப்ரொப்பல்லரின் சாய்வு தானாகச் சரியாகிக்கொள்ளும். காற்றையே மெக்கானிக்காக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆர்கஸ் 410, 12 சிலிண்டர், 465 குதிரைத்திறன். பெரிய போர் விமானக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன எஞ்சின். இதை நினைவில் வையுங்கள், கதையில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-இல் ஜெர்மன் விமான அமைச்சகம் ஒரு வேவு விமானம் கேட்டது. மூன்று பேர் உட்காரணும், எல்லாப் பக்கமும் தெரியணும். மூன்று நிறுவனங்கள் வடிவம் கொடுத்தன. ஃபோக்கெ-வுல்ஃபின் குர்ட் டாங்க் கொடுத்த 189, 1938 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. ஆராடோ நிறுவனம் கொடுத்தது சுமார் ரகம், விட்டுவிடலாம். மூன்றாவதுதான் நான் சொன்ன கோணல்.

[திரையில்: ப்ளோம் உண்ட் ஃபோஸ் 141-இன் படம். மூன்று நொடி மௌனம்.]

படத்தில் எதுவும் தப்பில்லை, எடிட்டரைத் திட்டாதீர்கள். ப்ளோம் உண்ட் ஃபோஸ் 141 உண்மையிலேயே இப்படித்தான் இருந்தது. இடப்பக்கம் எஞ்சினும் வால்வரை நீளும் உடலும். வலப்பக்கம், இறக்கையின் மேல், தனியாக ஒரு கண்ணாடிக் கூண்டு. ஆட்கள் அதில். அதாவது எஞ்சினும் விமானியும் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஃபோக்ட். அவர் யோசித்தது இதுதான். ஒற்றை எஞ்சின் விமானத்தில் விமானிக்கு முன்னால் என்ன தெரியும்? எஞ்சின்தான். எஞ்சின் மறைக்கிறது என்றால் அதைத் தள்ளி வை. சரி, தள்ளி வைத்தால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடாதா?

இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கிற பெண்ணைப் பாருங்கள். குடம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் சாயும், நடை நேராகப் போகும். ஃபோக்ட் செய்தது அதே வித்தை. ப்ரொப்பல்லர் ஒரு திசையில் சுற்றும்போது, விமானத்தின் உடம்பு எதிர்த்திசையில் உருளப் பார்க்கும். இந்த விமானத்தில் அது இடப்பக்கம் உருட்டும். வலப்பக்கம் தொங்கும் கூண்டின் எடை அதைப் பிடித்து நிறுத்தும். எல்லா ஒற்றை எஞ்சின் விமானத்திலும் இருக்கிற ஒரு தொல்லையை இவர் தராசின் மறுதட்டாகப் பயன்படுத்திக்கொண்டார். நேர்த்தியாகத் தெரிகிற விமானங்கள்தான் உள்ளுக்குள் இழுபறியோடு பறக்கின்றன, என் விமானம் பார்க்கத்தான் கோணல் என்பது அவர் கட்சி. நான் அவர் கட்சி.

இன்னும் இருக்கிறது. கூண்டில் பின்பக்கம் பார்த்து ஒரு துப்பாக்கிக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் சுடும் வழியில் வால் இறக்கையின் வலப்பாதி குறுக்கே நிற்கும். ஃபோக்ட் என்ன செய்தார்? பிற்கால மாடலில் அந்தப் பாதியைக் கிட்டத்தட்ட வெட்டியே எடுத்துவிட்டார். வால் இறக்கை ஒரு பக்கம் மட்டும்! இந்த மனுஷனிடம் "சமச்சீர்" என்று சொன்னால் அடிக்க வந்திருப்பார் போல.

அப்படியும் இது பறந்ததா என்றால், பறந்தது. 1938 பிப்ரவரியிலேயே, 189-க்கு முன்னாலேயே பறந்தது. பின்னே ஏன் தோற்றது? முதல் மாடலுக்குச் சக்தி பற்றவில்லை என்றார்கள். அடுத்த மாடலுக்கு பிஎம்டபிள்யூ 801 என்ற பெரிய எஞ்சினை மாட்டினார்கள். அந்த எஞ்சினுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய வரிசை நின்றது. முன்னால் நின்றது ஃபோக்கெ-வுல்ஃப் 190 சண்டை விமானம். அதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? நம்ம குர்ட் டாங்க்! அவருடைய வேவு விமானமோ யாருக்கும் வேண்டாத ஆர்கஸ் எஞ்சினில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. கோணல் விமானம் முப்பதைக்கூடத் தொடவில்லை. இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, 189-க்குத் திரும்புவோம். ப்ரேமனில் தொடங்கி, ப்ராக் நகரிலும், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் போர்தோவிலும் செய்தார்கள். பெரும்பாலும் ரஷ்ய முனைக்குப் போனது. இரட்டைத் தண்டு, நடுவில் இடைவெளி என்று கீழிருந்து பார்க்க ஜன்னல் சட்டம் போலத் தெரிந்ததால் சோவியத் வீரர்கள் வைத்த பெயர் ராமா. நம்ம ராமன் இல்லை, ரஷ்ய மொழியில் ராமா என்றால் சட்டம். இந்த ராமா தலைக்கு மேல் வந்தால் சத்தம் போடாமல் போய்விடும், அடுத்துப் பீரங்கிக் குண்டு வரும். அதனால்தான் குண்டு போடும் விமானத்தைவிட இதை அவர்கள் வெறுத்தார்கள்.

வேகம் மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். துரத்துகிற சண்டை விமானம் 500-க்கு மேல் போகும். ஆனாலும் பிடிப்பது லேசில்லை. மெதுவாகப் பறக்கிறவன் சின்ன வட்டத்தில் திரும்புவான், வேகமாக வருகிறவன் தாண்டிப் போய்விடுவான். அடிபட்ட வாலோடு வீடு திரும்பிய 189-களும் உண்டு.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு, கவசத் தகட்டால் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, தரைத் தாக்குதலுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியிலிருந்து வெளியே சரியாகவே தெரியவில்லை. வேலைக்கு எடுக்கவில்லை.

[திரையில்: வரைபடம். மூர்மான்ஸ்க் ரயில் பாதை, லோஉகி.]

இப்போது 1943 மே 4. விமானத்தின் அடையாளம் வி7+1ஹெச். விமானி லோதார் மோதெஸ். வேலை, ரஷ்யாவின் வடமேற்கில் லோஉகி அருகே இருந்த சோவியத் விமானத் தளத்தைப் படம் எடுத்துவிட்டு, மூர்மான்ஸ்க் ரயில் பாதையை ஒட்டி வடக்கே போவது. அந்த ரயில் பாதை முக்கியம். நேச நாடுகள் கப்பலில் அனுப்பிய சரக்கு மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் இறங்கி அதன் வழியாகத்தான் தெற்கே போனது.

கிளம்பி அரைமணி நேரத்தில் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. அவை ஹரிக்கேன்கள். பிரிட்டன் சோவியத்துக்கு அனுப்பிய சரக்கில் வந்தவை! மோதெஸ் விமானத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கினார். மேலே தூக்குவதற்குள் மரங்களில் மோதியது. வால் பிய்ந்தது. கண்ணாடிக் கூண்டு தலைகீழாக மரங்களுக்கு இடையே தொங்கியது. ஒருவர் அங்கேயே இறந்தார். இன்னொருவர் கால் துண்டாகி ரத்தம் போய் இறந்தார். மோதெஸ் மட்டும் மிச்சம்.

இரண்டு வாரம் நடந்தார். உறைபனிக் குளிர், தேடும் சோவியத் ரோந்துப் படை. மரப்பட்டையையும் புழுவையும் தின்று தன் தளத்துக்கு வந்து சேர்ந்தார். பனிக்கடிக்கு ஒன்பது மாதம் மருத்துவமனை. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? திரும்பப் போய் இன்னும் நூறு முறை பறந்தார். நானாக இருந்தால் மொட்டை மாடிக்குக்கூட ஏறியிருக்க மாட்டேன்.

விமானம் அங்கேயே கிடந்தது. 1991-இல் கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, 1992 மார்ச்சில் இங்கிலாந்தின் வொர்திங்குக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் விமானம் சுட்டு வீழ்த்தியதைப் பிரிட்டிஷ்காரர்களே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். சுட்டவன் தலையில்தான் செலவு! 1996-இல் பிக்கின் ஹில் விமானக் கண்காட்சிக்கு மோதெஸை அழைத்தார்கள். 53 வருடம் கழித்துத் தன் விமானத்தைப் பார்த்தார்.

864-இல் ஏன் ஒன்றுதான்? போர் முடிந்ததும் ஜெயித்த நாடுகள் ஜெர்மன் விமானங்களைப் பிடித்துச் சோதித்தன. பிரிட்டனின் சோதனை விமானி எரிக் பிரவுன் 189-ஐயும் ஓட்டிப் பார்த்தார். ஆனால் பத்திரப்படுத்தி வைத்தது பெரும்பாலும் ஜெட்டுகளையும் பேர் பெற்ற சண்டை விமானங்களையும்தான். சுட்டவனுக்குச் சிலை, பார்த்துச் சொன்னவனுக்குப் பழைய இரும்புக் கடைத் தராசு. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

குர்ட் டாங்க் 1956-இல் இந்தியாவுக்கு வந்தார், பெங்களூரில் ஹெச்ஏஎல்-லில் மாருத் ஜெட்டை வடிவமைத்தார். அது 1961 ஜூனில் பறந்தது. மாருத்தை இன்றைக்கும் பெங்களூர் ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். போனால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் போடுகிறேன்.

அந்தச் சின்ன ஆர்கஸ் எஞ்சின் என்ன ஆனது? அதன் தம்பியான ஆர்கஸ் 411-ஐப் போருக்குப் பிறகு பிரான்ஸ்காரர்கள் வேறு பெயரில் தொடர்ந்து செய்தார்கள். டாசோ ஃப்ளாமான் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் மாட்டினார்கள். ஃப்ளாமான்கள் பல பிழைத்திருக்கின்றன, கண்காட்சிகளிலும் பறந்திருக்கின்றன. யூடியூபில் தேடிச் சத்தத்தைக் கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு.

கமெண்டில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். இலவச டிக்கெட் கொடுத்தால் 189-இன் கண்ணாடிக் கூண்டில் ஏறுவீர்களா, கோணல் விமானத்திலா? நான் கோணல்தான்.