டிரிஷேன் கோபுர வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பாட்டிமார் "நான் கான்வென்ட்டில் படித்தவள்" என்று சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஐரிஷ் சிஸ்டர்களில் பலர் அயர்லாந்தின் டிரிஷேனில் பயிற்சி பெற்றுக் கப்பலேறியவர்கள். கார்க் மாவட்டத்தில், மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது டிரிஷேன். ஐரிஷ் மொழியில் முட்புதர் மண்டிய இடம் என்று பொருள். சிஸ்டர்களின் கன்னியர் மடம் இருந்த அந்த வளாகத்துக்குள் 15ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடு ஒன்று நிற்கிறது.

கோபுரம் என்றதும் கோயில் கோபுரத்தை நினைக்க வேண்டாம். மாடிமேல் மாடியாக எழுப்பிய சதுரமான கல் வீடு இது. பகை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே தாக்குப்பிடிக்கலாம். கீழ்த்தளத்துச் சுவரில் ஜன்னல் என்று பெயருக்கு ஒரு கீற்றுதான். வெளிச்சம் வேண்டுமென்றால் சுருள் படியில் மேலே ஏற வேண்டும். ஐரிஷ் கோபுர வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது உட்கூரைதான். வளைவு கட்டும்போது அடியில் பிரம்புபோல் பின்னிய தட்டியை வளைத்து வைத்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் போட்டு, கல்லை அடுக்குவார்கள். தட்டி போய்விடும், பின்னல் தடம் மட்டும் சாந்தில் அப்படியே இருக்கும். நம் ஊர்க் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பது போலவே இருக்கும்.

டிரிஷேன் கோபுரத்தைக் கட்டியவர்கள் மக்கார்த்தி குலத்தார். 17ஆம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பின் நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. அடுத்து வந்த வாலிஸ் குடும்பம் பக்கத்திலேயே ஒரு மாளிகை கட்டிக்கொண்டது. அப்புறம் 1909இல் குழந்தை இயேசு சபையின் சிஸ்டர்கள் அந்த இடத்தை வாங்கினார்கள். பிரான்சில் பிறந்த சபை அது. 1852இல் பினாங்கிலும் 1854இல் சிங்கப்பூரிலும் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் பேசும் ஆசிரியைகள் வேண்டியிருந்தது. பிரான்சிலோ, 1904இல் வந்த சட்டம் துறவற சபைகள் பாடம் நடத்துவதையே தடுத்துவிட்டது. ஆகவே அயர்லாந்து.

முற்றுகைக்கு அஞ்சிக் கட்டிய வீட்டின் பக்கத்தில் விடுதிப் பள்ளி மாணவிகள் படித்தார்கள். 1992இல் பள்ளி மூடப்பட்டது. பின்னர் அதே வளாகத்தில், சொந்த நாட்டில் வாழ முடியாமல் அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களைத் தங்கவைத்தார்கள்.

உங்கள் வீட்டில் பழைய கான்வென்ட் வகுப்புப் படம் இருந்தால், நடுவில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டரின் பெயரைப் பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். வணக்கம்.