நான்கடித் தாளமும் நம்மூர்ச் செவியும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில், இயந்திரத் தாளத்தில் ஓடும் மின்னணு நடன இசையான டெக்னோவின் படைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துக் கலவைகள் செய்கிறவன் என்ற முறையில் அந்த இசையை அறிமுகப்படுத்துமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அறிமுகத்தைச் சுருக்கிக்கொண்டு, அது நம்மிடையே ஏன் கேட்பாரற்று இருக்கிறது என்பதையும், அதற்கு வேண்டிய பொறுமையான செவி நம்மிடம் முன்பே இருக்கிறது என்று நான் கருதுவதற்கான காரணத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

இதை வெள்ளையரின் கேளிக்கை இசை என்று நினைப்பவர்கள் பலர். அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பருவத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் இரவு விருந்துகளின் வழியாகவே நம்மவர்களில் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பொத்துவில் பக்கத்தவர்களுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் ஓசையாகவே பட்டால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் கார்த் தொழில் நகரமான டிட்ரொயிட்டில், 1980களின் நடுப்பகுதியில், கறுப்பின இளைஞர்களின் கைகளில். இதன் முன்னோடிகளான ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூவரும் அந்நகருக்கு அப்பாலுள்ள பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் படித்தவர்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 என்ற, பின்னர் டெக்னோவின் அடையாளமாகிவிட்ட தாள இயந்திரம் விலைபோகாமல் ஓரிரு ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது; அப்படிக் கைவிடப்பட்ட இயந்திரங்கள் மலிவாகக் கைமாறியதால்தான் வசதியற்ற இளைஞர்களுக்கும் அவை கிட்டின. நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1980களின் தொடக்கத்திலேயே ரோலண்டின் இயந்திரங்களை இயக்கி இராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் வியந்தது.

டெக்னோவின் பிறப்பில் வானொலிக்கும் பங்குண்டு என்பதை இந்த ஒலிவாங்கியின் முன் சொல்லாமல் விடலாகாது. 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் டிட்ரொயிட்டில் இரவு நிகழ்ச்சி நடத்திய அறிவிப்பாளர் சார்லஸ் ஜோன்சன், கறுப்பர் இசை வேறு, வெள்ளையர் இசை வேறு என்று நிலையங்கள் பிரித்துவைத்திருந்த காலத்தில், ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பிரின்ஸையும் ஒரே இரவில் ஒலிபரப்பினார். பெல்வில் நண்பர்கள் அந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள். பின்னர் பெர்லின் மதில் விழுந்து, ஆளற்றுக் கிடந்த கட்டடங்களில் இந்த இசை குடியேறியது. ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பெட்டக அறையில் 1991இல் தொடங்கப்பட்ட ட்ரெசோர் நடன மன்றம் அதில் பேர்பெற்றது.

இனி நம்மூருக்கு வருவோம். எனக்குச் சோறு போடுவது கல்யாண மண்டபமும் பிறந்தநாள் விழாவும்தான். அங்கே நான் திரைப்பாடல்களையும் பைலாவையும் மனநிறைவோடு ஒலிக்கவிடுகிறேன். அவற்றைத் தாழ்வாக நினைக்கும் இசைக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை கூட்டம் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு டெக்னோ துண்டைப் போட்டேன். வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் இருந்த பெரியவர் நாலைந்து நிமிடம் பொறுத்திருந்துவிட்டு, "தம்பி, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டார். எள்ளல் இல்லாத, நியாயமான கேள்வி. குரலும் பல்லவியும் வந்தால்தான் பாட்டு என்பது திரையிசை நமக்குப் பழக்கிய எதிர்பார்ப்பு. இன்னொரு காரணம் காலில் இருக்கிறது. பைலாவும் நம்மவர் ஆடும் குத்துப் பாடல்களில் பெரும்பாலானவையும் ஆறெட்டுத் தாளத்தில் மும்மூன்றாக அசைந்து செல்பவை. அந்த அசைவுக்குப் பழகிய உடலுக்கு, ஒரே இடைவெளியில் நேராக விழும் நான்கடி முதலில் விறைப்பாகத்தான் தோன்றும்.

அந்த நான்கடிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் எடுத்தாளும் படைப்புகளின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 125 முதல் 135 அடி. ஒரு கலவை ஒரு மணி நேரம் ஓடும். அதில் ஒரு படைப்பு முடியும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும். 128 அடியில் ஓடும் ஒன்றோடு 132 அடியில் ஓடுவதைச் சேர்க்க வேண்டுமானால், முதலாவதை மூன்று வீதத்துக்குச் சற்றே கூடுதலாக விரைவுபடுத்த வேண்டும். வேகம் அரை அடி பிசகினாலும் ஒரு நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நடுவில் போய் விழுந்து, காது கூசும். இன்று மென்பொருள் இந்தக் கணக்கைத் தானே செய்துவிடும். ஆயினும் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கையாலேயே பொருத்தப் பழகியவர்களுக்குத்தான் பிசகு வரப்போவது முன்கூட்டியே கேட்கிறது.

வேகம் பொருந்தினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு படைப்புகளிலும் கனத்த அடியைத் தரும் உதை மேளங்களின் தாழ்தொனி ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும். ஆகவே வருவதன் தாழ்தொனியை முற்றாக இறக்கிவைத்து, அதன் சல்லரி போன்ற மேலோசையை மட்டும் மெல்ல நுழைத்து, 32 அடிகள் கொண்ட ஒரு சுற்று முடியும் இடத்தில் பழையதன் தாழ்தொனியை இறக்கிப் புதியதன் தாழ்தொனியை ஏற்ற வேண்டும். 130 அடி வேகத்தில் அந்தச் சுற்று ஏறத்தாழ பதினைந்து விநாடி. சுற்றின் நடுவில் மாற்றினால், இசை தெரியாதவருக்கும் ஏதோ இடறியது தெரியும். சரியான இடத்தில் மாற்றினால் மாறியதே தெரியாது. கலவை செய்கிறவனின் திறமை முழுவதும் பிறர் கவனிக்காத இடத்தில் இருப்பதும் இந்த இசைக்குப் பாராட்டுக் குறைவதற்கு ஒரு காரணம்.

ஆனால் அப்படிக் கவனிப்பவர்கள் நம்மூரில் இல்லையா? நம் மரபுக் கூத்து வகையான வடமோடியில் ஒரு பாத்திரம் களரிக்குள் வந்து வரவாட்டம் ஆடும்போது களரியைச் சுற்றி இருக்கும் முதியவர்களைப் பாருங்கள். இன்னும் பாட்டும் வசனமும் வரவில்லை. வாயால் சொல்லும் தாளச் சொற்களான தாளக்கட்டும் மத்தளமும் சல்லரியும் சதங்கையும்தான். அதே தாளக்கட்டு திரும்பத் திரும்ப வந்து விரைவு கூடுவதையும், ஆடுகிறவரின் கால் ஓரிடத்தில் பிந்துவதையும் அவர்கள் நுணுக்கமாக எடைபோடுவார்கள். விடிய விடிய உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பாரமில்லை. கூத்தும் டெக்னோவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அதில் கதையும் ஊரும் வழிபாடும் கலந்திருக்கின்றன, இதில் அவை எதுவும் இல்லை. திரும்ப வருவதைச் சலிப்பின்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதே என் வாதம்.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் மத்தள ஒலியைக் கலவையில் சேர்க்கலாமே என்பார்கள்; கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனின் ஒலியைச் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. மீனைச் சுற்றுலா விளம்பரத்துக்கே விட்டுவிடுவோம். மத்தளத்தில் எனக்குள்ள தயக்கம் வேறு. கூத்தைப் பழக்கி மத்தளம் வாசிக்கும் அண்ணாவியாரின் கை, ஆடுகிறவரின் காலைப் பார்த்துக் கூடியும் குறைந்தும் வாசிக்கிறது. அதைத் துண்டாக வெட்டி இயந்திரத்தின் நேர்கோட்டில் ஒட்டினால் அதன் உயிரான அந்த நெகிழ்வு போய்விடும். என்றேனும் செய்வதானால், அண்ணாவியார் ஒருவரை அமர்த்தி, உரிய சன்மானமும் பெயரும் கொடுத்து, அவர் வாசிப்புக்கு இயந்திரத்தை இணங்கவைத்தே செய்வேன். அதுவரை டெக்னோவை டெக்னோவாகவே செய்வதில் எனக்கு வெட்கமில்லை.

இங்கே என் கலவைகளைக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் காத்தான்குடியில் தையற்கடை வைத்திருப்பவர். சொற்கள் குறுக்கிடாததால் வேலை ஓடுகிறது என்பது அவர் தரும் காரணம். இசை விமர்சகர்கள் எழுதியவற்றைவிட அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது என் கலவையிலிருந்து ஒரு சிறு பகுதி ஒலிபரப்பாகும். அதில் இரண்டு படைப்புகள் இணைகின்றன. இரண்டாவது எங்கே நுழைகிறது, முதலாவது எங்கே விலகுகிறது என்று பாருங்கள். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்தொனி கேட்காது என்பதால் அதிலே கேட்பவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிய பொக்ஸ் வைத்திருப்பவர்கள், பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டா என்று பார்த்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டுங்கள். நன்றி.