விடியட்டும் என்று காத்திருந்தால்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"ராத்திரியில பெரிய டாக்டர் இருக்க மாட்டார், விடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம்." பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து நோயாளியை அழைத்து வருபவர்களிடம் அவசரப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சாதாரணக் காய்ச்சலுக்குச் சரி. செப்சிஸுக்கு இது ஒத்து வராது.

காலில் சர்க்கரைப் புண், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மழைக்காலத்தை ஒட்டி நம் பக்கம் வரும் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல்... எங்கோ தொடங்கிய தொற்றை எதிர்க்கப் போய், உடம்பு தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தானே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட செப்சிஸ் நோயாளிகளைப் பற்றி 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் 6 மணி நேரத்தில், சரியான ஆன்டிபயாடிக் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிழைப்பவர்கள் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தார்கள்.

அப்படியானால் ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ சேர்ப்பதே ஆபத்தா? ஆய்வுகள் இதில் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் இறப்பு கூடியிருக்கிறது, சிலவற்றில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே இல்லை. நான் பார்த்தவரை, நேரத்தைத் தின்பது டியூட்டி மாறும் அந்த அரை மணிதான். "அந்த பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டால் போனவருக்குத்தான் தெரியும் என்பார்கள். லேப் ரிப்போர்ட் வந்து மேஜையில் கிடக்கும். ஆனால் ரத்தக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்து, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டு, சலைன் ஏற்ற டியூட்டி டாக்டரும் நர்ஸும் போதும். பெரிய டாக்டரை போனில் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிடக் கவலை வீட்டில் போகும் நேரம்தான். மூச்சு விடும்போது நோயாளியின் வயிறு ஏறி இறங்குவதை, கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 22-ஐத் தொட்டாலோ, பேச்சு முன்னுக்குப் பின் ஆனாலோ, மதியத்திலிருந்து சிறுநீரே போகவில்லை என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். செப்சிஸ் வந்த வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டில் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள், அது ரொம்ப மோசம்.

கிளம்பும்போது பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார், எந்த மருந்து அலர்ஜி என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "செப்சிஸா இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.