48 ரூபாய் ஸ்டிக்கர்

வணக்கம். இன்றைக்கு மொட்டைமாடி கிடையாது, அடுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மாமியார் பருப்பு வைத்திருக்கிறார். கத்தரிச்செடி எப்படி இருக்கிறது என்று வாரம் முழுக்கக் கேட்டீர்கள். செத்துவிட்டது. அதைப் பற்றிப் பேசும் நிலையில் நான் இல்லை.

இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். அரைக் கிலோ சாமை அரிசி. ஜவ்வாதுமலைச் சாமை என்றால் எனக்கு உயிர். தினை எனக்கு ஆகாது, ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். பாக்கெட்டின் மேல் பச்சை ஸ்டிக்கர். ‘ஆர்கானிக்’ என்று ஒரு விரல் அகலத்துக்கு எழுத்து, பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஓர் இலை. விலை 118 ரூபாய். அதே கடையில், அதே அலமாரியில், ஸ்டிக்கர் இல்லாத சாமை 70 ரூபாய். வித்தியாசம் 48 ரூபாய். இங்கே வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை எத்தனை முறை போய் வரலாம் என்று கணக்குப் போடப் பார்த்தேன். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சரி, இரண்டு கட்டுக் கீரையும் அரை லிட்டர் பாலும் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பி நின்றது. எழும்பிய மூலையைச் சும்மா விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நகத்தால் இழுத்தேன், கிழிந்தது. வெந்நீர்த் துணியை வைத்தேன், பாக்கெட்தான் சுருங்கியது. கடைசியில் தேங்காயெண்ணெய். ஓரமெல்லாம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, தோசை திருப்பியை மெதுவாக உள்ளே விட்டேன். ஆஹா! வெந்த தோசை மாதிரி முழுதாகக் கழன்று வந்தது. அந்தக் கிழிந்த மூலை மட்டும் போச்சு.

அடியில் என்ன? 70 ரூபாய்ப் பாக்கெட்டின் லேபிள். அதே பொதி செய்தவர், அதே தேதி, அதிகபட்ச விலை 70. சாமையும் அதேதான், ஆர்கானிக் ஆனது ஸ்டிக்கர் மட்டுமே.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். கல்லாவில் இருந்த பையன், “அக்கா, வருடத்துக்கு 12 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் என்றால் சான்றிதழே தேவையில்லை, சட்டத்திலேயே இருக்கிறது” என்றான்.

பாதி சரி. 2017 இல் வந்த ஆர்கானிக் உணவு ஒழுங்குமுறையில் அந்த விலக்கு உண்டு. ஆனால் அது தானே விளைவித்து, தானே நேராகச் சாப்பிடுகிறவர் கையில் விற்கிற சின்ன உழவருக்கு. வாங்கி விற்கிற கடைக்கு அது பொருந்தாது. விலக்கு பெற்ற உழவரும் ‘ஜைவிக் பாரத்’ என்ற, ஆர்கானிக் உணவுக்கான அரசுச் சின்னத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. “தம்பி, நீ எந்த மலையில் சாமை விதைத்தாய்?” என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினான். இரண்டு ரூபாய்க் காசைத் திருப்பி அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த ‘டக்’ என்ற சத்தம் இருக்கிறதே, இந்த மாதத்தின் ஒரே சந்தோஷம்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தச் சின்னம். அசல் ஜைவிக் பாரத் சின்னத்தில் வட்டமும் இலையும் மட்டுமல்ல, சரி என்று போடுகிற டிக் குறியும் உண்டு. இதில் டிக் இல்லை. ஏமாற்றுகிறவருக்கும் கை கூசியிருக்கிறது போல. சின்னத்தோடு சான்று விவரமும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது பிஸ்கட் பாக்கெட்டிலும் இருக்கும்.

இனி தண்டனை. லேபிளில் பொய் சொன்னால், 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52 ஆவது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாசலில் பேனர் கட்டி அதே பொய்யை விளம்பரமாகச் சொன்னால், 53 ஆவது பிரிவில் 10 லட்சம் வரை. இரண்டிலும் சிறை இல்லை. விசாரிப்பது நம் மாவட்ட வருவாய் அலுவலர். எவ்வளவு லாபம் பார்த்தார், முன்பும் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதையெல்லாம் பார்த்துத் தொகையை முடிவு செய்வார். கட்டாவிட்டால் நிலவரி பாக்கி மாதிரி வசூலிப்பார்கள், கட்டும்வரை உரிமமும் முடக்கம்.

விலையை மறைத்தது தனிக் குற்றம். பொதி செய்த பொருளுக்கான விதியில், விலையைக் குறைக்க மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மூடக் கூடாது. நம் ஊரில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஆக ஒரே ஸ்டிக்கருக்கு இரண்டு அலுவலகம்!

என்னை அதிகமாகக் கடுப்பேற்றியது வேறு. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, விடியோகூடப் போட்டேனே. வேறு எங்கோ விளைந்த காயில் அந்தக் குறியீட்டைப் பொய்யாகப் போட்டு விற்றால், புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஊர்ப் பெயரில் பொய் சொன்னால் கம்பி. மருந்தே அடிக்கவில்லை என்று பொய் சொன்னால், உணவுச் சட்டத்தில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். மோசடி வழக்காகப் போலீஸ் எடுத்தால் கதை வேறு, 48 ரூபாய்க்கு யார் எடுப்பார்கள்? அமெரிக்காவில், மிசூரி மாநிலத்துத் தானிய வியாபாரி ஒருவர் சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று விற்றதற்கு, 2019 இல் 10 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கொடுத்தார்கள்.

ஒடுகத்தூர்ப் பக்கத்து அண்ணனை நினைத்தால்தான் வயிறு எரிகிறது, மண்புழு உரம் விடியோவில் வந்தாரே, அவர். ஆர்கானிக் சான்றுக்காக ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்த காலத்தில், விளைச்சலும் குறைவு, ஆர்கானிக் விலையும் கிடையாது. அவருடைய குழுவில் ஒருவர் நிலத்தை மற்றவர்கள் நடந்து பார்த்து எழுதித் தந்தால்தான் சான்று. வரப்பில் ஒரு காலி யூரியா சாக்கு கிடந்ததற்கு அவரை என்ன கேள்வி கேட்டார்கள் தெரியுமா? தண்ணீர்ப் பானைக்கு அடியில் விரிக்கக் கொண்டுவந்த சாக்கு அது. இங்கே ஒரு ரோல் ஸ்டிக்கரில் வேலை முடிந்துவிடுகிறது.

படங்களோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பிவிட்டேன். ஆய்வகத்துக்கு நானே அனுப்பலாமா என்றும் பார்த்தேன். 40 ஆவது பிரிவில் வாங்குகிறவருக்கே அந்த உரிமை உண்டு, தப்பு என்று வந்தால் கட்டிய கட்டணமும் திரும்பிவரும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம். நானோ பையை நீட்டி, “சில்லறை இருக்கிறதா?” என்றுதான் கேட்டேன். சோதனையில் மருந்து தெரியவில்லை என்றாலும் அது ஆர்கானிக் ஆகிவிடாது. சான்று என்பது விதைத்ததிலிருந்து மூட்டை கட்டியதுவரை எழுதிவைத்த கணக்கு.

வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறேன். இன்னொரு பாக்கெட் எடுத்து, கல்லாவிலேயே சொல்லிவிட்டு வாங்கப்போகிறேன். ஸ்டிக்கரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன், அதோ. இந்தப் பாக்கெட்டில் பாதியை மாமியார் நேற்றே பொங்கலாக்கிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது, மலைச் சாமை அல்லவா. இருங்கள், மூன்றாவது விசில்.