சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்

(கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நடந்த பொங்கல் விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசியும் எனக்கென்று கொஞ்சம் விட்டுவைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, வாரம் தவறாமல் நம் பிள்ளைகளோடு ழகரத்துக்காகப் போராடும் தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, நேற்று நள்ளிரவு வரை நின்று கரும்பு கட்டிய தம்பிமார்களே, சமையற்கட்டில் இருந்தபடியே காது கொடுக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நகர மன்ற உறுப்பினரும் வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் அவரைப் பார்த்ததும் சிரித்துத் தலையாட்டினார். அந்தப் பண்புக்குத் தனியாக ஒரு வணக்கம்.

'சமுதாயக் கல்லூரியும் நம் பிள்ளைகளும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. கம்யூனிட்டி காலேஜ் என்கிறோமே, அதுதான். நான் உயிரியல் வாத்தியார் என்பதால் அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். அங்கே உயிரியல் நடத்துபவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பது ஒன்று. அந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்பது இரண்டு. அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாறுவது எப்படி என்பது மூன்று. பெற்றோர்கள் மூன்றாவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரியும். வருகிறேன்.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்லும்: "சட்டியில் இருந்தால்தானடா அகப்பையில் வரும்." பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அதுதான், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் அதுதான். நானும் அதை விடுவதாக இல்லை.

1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு தொடங்கியது இந்தச் சமுதாயக் கல்லூரி மரபு. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள். 'பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவன் போகிற இடம்' என்று நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சரி, உங்கள் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் ஏபி என்கிற கல்லூரித் தர உயிரியலுக்காகத் தலைகாணி மாதிரி ஒரு புத்தகத்தைச் சுமக்கிறதே, அதை முதலில் எழுதியவர் யார்? நீல் கேம்பெல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தியவர், பொமோனா கல்லூரியில் நடத்தியவர். சான் பெர்னார்டினோ வேலி கல்லூரியிலும் நடத்தியவர். அது சமுதாயக் கல்லூரி. அங்கேதான் 1986-இல் சிறந்த பேராசிரியர் விருது வாங்கினார். மறு வருடம் புத்தகத்தின் முதல் பதிப்பு. அவர் ஆராய்ச்சி எதில் தெரியுமா? தொட்டாச்சிணுங்கி இலை எப்படி மடங்குகிறது என்பதில்! நாம் வரப்பில் காலால் சீண்டிவிட்டுப் போன செடி.

இரண்டாவது, தகுதி. இந்த மாநிலத்தில் உயிரியல் துறை ஏதாவது ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு இணையான படிப்பு. பி.எட். மாதிரி எதுவும் கேட்பதில்லை. அதனால் ஆசிரியர் அறையில் ஒரு கலவை சேரும். மீன்வளத் துறையில் ஆற்று மீன் எண்ணியவர், பயோடெக் கம்பெனி ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தவர், தாதியாக இருந்து முதுகு வலி வந்த பிறகு மேல்படிப்பு படித்தவர். சட்டியில் என்னென்னவோ கிடக்கும். அகப்பையில் வருவதும் அப்படித்தான் ருசியாக வரும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா, திண்டுக்கல் பக்கம். விலங்கியலில் எம்.எஸ்சி. கல்யாணமாகி எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் விசாவில், வந்தார். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களின் துணைக்கு வேலை அனுமதி கிடைத்ததே 2015-இல்தானே? அதுவரை பதினொரு வருடம் அந்த எம்.எஸ்சி. சாம்பார் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனுமதி வந்தது, பட்டத்தை மதிப்பிட அனுப்பினார். நம் ஊரில் மூன்றும் இரண்டும் ஐந்து, இங்கே நாலும் இரண்டும் ஆறு. அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு, 'இது இளங்கலைக்குச் சமம்' என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அந்த அம்மா விடவில்லை. இன்னொரு நிறுவனத்துக்குக் காசு கட்டி, முதுகலைதான் என்று வாங்கினார்.

முதல் ஆய்வக வகுப்பு. உடற்கூறியல், ஆட்டு இதயம். இருபத்துநாலு பிள்ளைகள், பாதிப் பேர் தாதிப் படிப்புக்குப் போகிறவர்கள். பையைப் பிரித்ததும் மருந்து நாற்றம். ஒரு பெண் வாசலுக்கே ஓடிவிட்டது. நம் அம்மாவுக்கு ஆங்கிலம் தொண்டையில் நிற்கிறது. ஆனால் கை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்கடை பாய் எப்படி எடுத்து வைப்பார் என்று பார்த்து வளர்ந்த கை. இதயத்தைத் தட்டில் போட்டார், ஒரே கோடாகக் கீறினார், விரித்தார். வால்வில் தொங்கும் வெள்ளை நார்களைச் சலாகையால் தூக்கிக் காட்டினார். "இரண்டு பக்கச் சுவரையும் விரலால் கிள்ளிப் பாருங்கள்" என்றார். வலது கீழறை இலேசாக இருக்கும், இடது கீழறை விரலுக்கு மடங்காது. ஏன்?

பின்வரிசையில் ஐம்பது வயது மாணவர் ஒருவர். இருபது வருடம் லாரி ஓட்டிவிட்டு, தாதியாகப் போகிறேன் என்று வந்தவர். அவர் சொன்னார்: "வலது பக்கம் உள்ளூர் டெலிவரி, நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. இடது பக்கம் லாங் ட்ரிப், உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை."

வகுப்பே சிரித்ததாம். ஓடிப்போன பெண்ணும் திரும்பி வந்துவிட்டது. அந்த அம்மா இன்று வரைக்கும் இதயத்தை அப்படித்தான் நடத்துகிறார். சட்டியில் இருந்தது அந்த அம்மாவிடம் மட்டுமா? மாணவரிடமும் இருந்ததே!

வகுப்பு முடிந்து அந்த லாரிக்கார மாணவர் சந்தேகம் கேட்க வந்தார். "உங்கள் அலுவலகம் எங்கே?" "கார்ப் பார்க்கிங்கில்" என்றார் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பகுதிநேர ஆசிரியருக்கு அங்கே மேசை கிடையாது. கரொல்லா காரின் டிக்கிதான் அலுவலகம்: வெள்ளைக் கோட்டு, திருத்தாத தாள், தயிர்சாத டப்பா. குளிர்காற்றில் பானட் மேல் தாளை வைத்து இதயம் வரைந்து விளக்கியிருக்கிறார், நாற்பது நிமிடம். அதற்குச் சம்பளம்? ஒரு காசு இல்லை. அப்புறம் 880 நெடுஞ்சாலையில் ஏறி அடுத்த கல்லூரி.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கல்லூரிகளை நடத்தும் நிர்வாக அமைப்புக்கு இங்கே மாவட்டம் என்று பெயர். ஒரு மாவட்டத்தில் பகுதிநேர ஆசிரியருக்கு, முழுநேர ஆசிரியர் பளுவில் 67 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் இரண்டு மூன்று மாவட்டம் ஓடுகிறார்கள். ஃப்ரீவே ஃப்ளையர் என்று பெயரே உண்டு. பாட நேரத்தில் முக்கால் பங்கை முழுநேர ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்று 1988-லேயே இலக்கு வைத்தார்கள். இலக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பகுதிநேரக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கென்று 2022-இல் மாநிலம் ஆண்டுக்கு 20 கோடி டாலர் சேர்த்து ஒதுக்கியது. மாவட்டம் ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக் காப்பீடு கொடுத்தால், அந்த நிதியிலிருந்து செலவைத் திருப்பிக் கேட்கலாம். எங்கள் மாவட்டம் 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்கிறது. எத்தனை வருடம் பேசுவார்கள்? சட்டியில் போட மாநிலம் அரிசி கொடுத்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்க ஆளில்லை.

மாவட்ட அறங்காவலர்கள் நம் ஓட்டில் வருபவர்கள். வடை மேசைக்குப் பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. காப்பீடு ஒன்று, மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்குச் சம்பளம் ஒன்று, இரண்டே கோரிக்கை. மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்கள் முகவரியோடு கையெழுத்துப் போடுங்கள்.

தலைவர் இரண்டாவது மணி அடித்துவிட்டார். யூசிக்கு மாறுவது பற்றிக் கேட்க வேண்டியவர்கள் அதே மேசைக்கு வாருங்கள், சாப்பாடு முடியும் வரை அங்கேதான் நிற்பேன். பேனா நாலுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.