தொட்டிலைப் படமெடுத்த கேமராக்கள்

வணக்கம். ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலிருந்து பேசுகிறேன். மாலைக் காற்று மைக்கில் இரைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும் சேலம் என்னுடைய ஊர். நான் சிறுமியாக இருந்தபோது வெளியூரில் அந்தப் பெயரைச் சொன்னால், மாம்பழத்தைப் பற்றிக் கேட்டவர்களைப் போலவே பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு.

வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 1992-இல் தமிழக அரசு சேலத்தில்தான் தொடங்கியது. தொட்டிலும் கள்ளிப்பாலும் படம் பிடிக்கத் தோதானவை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள்கூட வந்து போனார்கள். அதனால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். மறைவில் நடந்ததை ஊர் வாய்விட்டுப் பேச நேர்ந்தது. ஆனால் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 0–6 வயதில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே எங்கள் மாவட்டத்தில் இருந்தார்கள். கருவில் பாலினம் கண்டறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், ஸ்கேன் அறைக்குள் நடந்ததைத் தொட்டிலைப் போலப் படமெடுக்க முடியவில்லை.

அதே 1992, ஜூன் 20. இங்கிருந்து வடகிழக்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டையைத் தேடுவதாக நுழைந்த வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த் துறையினரும் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் போராடி, உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ விசாரணை நடந்து, 2011-இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு நாளில் வந்த கேமராக்களின் மேல் எனக்குக் குறையில்லை. அதற்கு முன், அந்தப் பெண்கள் சாட்சி சொல்லப் பேருந்தேறிப் போய் வந்த வெறும் நாள்கள்தான் என்னை உறுத்துகின்றன.

2022-இல் ஈரானில், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று காவலர்கள் பிடித்துச் சென்ற மாஷா அமினி இறந்தபோது உலகமே மாதக்கணக்கில் பேசியது, பேசத்தான் வேண்டும். மறு ஆண்டில் மட்டும் உலகெங்கும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் சுமார் 51,100 பேர், அதாவது நாளொன்றுக்கு 140 பேர், என்று ஐ.நா. கணக்கிட்டது. நம் செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது உள்பக்கத்தில் நான்கு வரி. “குடும்பத் தகராறு” என்று எழுதும்போது அடித்தவரும் அடிபட்டவரும் சமமாகிவிடுகிறார்கள். “கள்ளக்காதல்” என்று எழுதினாலோ, கொன்றவனுக்கு ஒரு நியாயமும் சேர்த்து அச்சாகிவிடுகிறது.

நானும் யோக்கியமில்லை. சென்ற ஆண்டு ஒரு கொலையைப் பற்றிய என் காணொளியின் முகப்பில் இறந்த பெண்ணின் கல்யாணப் படத்தை வைத்தேன்; நான் வெளியிட்டவற்றில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்டது அதுதான். அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்து, “அந்தப் போட்டோவ எடுத்துரு கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றே நீக்கினேன். வழக்கில் இப்போது சாட்சி விசாரணை நடக்கிறது; நீதிமன்ற வராந்தாவில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாராம். வரும் வாய்தாவுக்கு, கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, நானும் போகிறேன்.